பலாப்பழத்துக்கு ஒரு பிரேக்

வடகாட்டில் எங்கள் தோட்டத்துப் பலாப்பழங்களைக் கயிறு கட்டித்தான் இறக்குவோம். கயிறு கையிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடி, சீசனுக்கு நாலைந்து பழமாவது தரையில் விழுந்து சிதறும். போன வருஷம் அதற்காக ஒரு கப்பி யோசித்தேன். கப்பி ஒரு நெம்புகோலில் தொங்கும். பழத்தின் கனம் இழுக்க இழுக்க நெம்புகோல் ஒரு ரப்பர் கட்டையைக் கப்பியின்மேல் அழுத்தும். பழம் பெரிதானால் பிடியும் இறுகும். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் கணவர் செய்து கொடுத்தார். பழம் சாமி ஊர்வலம்போல நிதானமாக இறங்கியது.

காப்புரிமை கிடைக்குமா என்று திருச்சி வக்கீலிடம் போனில் கேட்டேன்.

"கப்பியும் பழசு, பிரேக்கும் பழசும்மா. இந்த வேலை தெரிஞ்சவங்களுக்குச் சட்டுன்னு தோணுற விஷயம்னா கெடைக்காது. விண்ணப்பம் போடற வரைக்கும் யாருக்கும் காட்டிராதீங்க."

கப்பியைக் காட்டக் கூடாது, சரி. வேலை தெரிந்தவர்களுக்கு அது தோன்றுகிறதா என்று கேள்வி கேட்கலாமே! மறுநாளே நானும் கணவரும் ஸ்கூட்டரில் ஆலங்குடிக்குப் போனோம். பழத்தை மெதுவாக இறக்க என்ன வழி என்று மட்டும் கேட்டோம்.

"கீழ வலை கட்டுங்க," என்றார் முதல் பட்டறைக்காரர்.

"மோட்டார் வச்சிருவோம்ங்க," என்றார் அடுத்தவர்.

லேத்துக்காரர் நெடுநேரம் யோசித்தார். "குட்டை மரமா நட்டுருங்களேன்!"

ஸ்கூட்டரில் நான் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. "கீழ தள்ளிராத," என்று கத்திக்கொண்டே கணவரும் சிரித்தார்.

கடைசியாக என் அண்ணனின் சைக்கிள் கடை. கேட்டு முடிக்கவில்லை.

"கப்பியில சைக்கிள் பிரேக்கைப் போடு. இதுல என்ன இருக்கு?"

போச்சு, இவனுக்குச் சட்டென்று தோன்றிவிட்டதே! கணவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார்.

"அதை யாருண்ணே பிடிக்கிறது?"

"கீழ நிக்கிற ஆளுதான். கனமான பழம்னா பலமா அமுக்கணும்."

"ஆளே இல்லாம?"

"அதெப்படி? பழத்தோட கனம் பிரேக்குக்குத் தெரியவா போவுது?"

கிரீஸ் அப்பிய அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன். வெயிலில் வந்த கிறுக்கு என்று நினைத்திருப்பான்.

வக்கீலிடம் சொன்னேன். "நாலு பேருக்குத் தோணலேங்கிறது சாட்சி ஆகாதும்மா. காப்புரிமை ஆபீஸ்ல பழைய பதிவெல்லாம் தேடிப் பாப்பாங்க. ஆனா பழமே பிரேக் பிடிக்குது பாருங்க, அதுக்கு மட்டும் உரிமை கேப்போம்," என்றார்.

விண்ணப்பம் போட்ட அன்றே அண்ணனைத் தோட்டத்துக்கு அழைத்துக் காட்டினேன். ஒரே பழத்தை ஏற்றி ஏற்றி எட்டுத் தடவை இறக்கினான்.

"ப்பூ, இவ்வளவுதானா!" என்றான்.

காப்புரிமை ஆபீஸிலிருந்து பதில் இன்னும் வரவில்லை.