அம்மாவின் ஒரு காதில் ஜிமிக்கி

என் காதில் துளை கிடையாது. நான் செய்யும் ஜிமிக்கிகளைத் தூத்துக்குடியிலிருந்து துபாய் வரை பெண்கள் மாட்டிக்கொண்டு படம் எடுத்து அனுப்புகிறார்கள்; எனக்கு மட்டும் அதை மாட்ட இடமில்லை. எங்களுடையது நகை போடாத சபை. நான் பிறப்பதற்கு முன்பே அம்மா ஞானஸ்நானம் எடுத்து, தாலி உட்பட எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டாள்.

கழற்றியதோடு நிற்கவில்லை. தாமிரபரணியில் ஞானஸ்நானம் எடுக்க வரும் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடப்பதைக் கழற்றிவிடுவது சபையில் அம்மாவின் பொறுப்பு. வருஷக்கணக்காகப் போட்ட கம்மல் சட்டென்று வந்துவிடாது. திருகு இறுகியிருக்கும், போட்டிருப்பவளின் கண்ணும் கலங்கியிருக்கும். அம்மா அவசரப்பட மாட்டாள். தேங்காயெண்ணெய் தொட்டு, "வலிக்காதும்மா, பையத்தான் எடுக்கேன்" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கழற்றுவாள். அந்தப் புண்ணியவதிக்கு வந்து பிறந்தேன் நான்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டை வீட்டில் சும்மா இருந்தபோதுதான் களிமண்ணைக் கையில் எடுத்தேன். போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் மணிகள், பிறகு பதக்கம், கடைசியாக ஜிமிக்கி. பின்கட்டில் பானைக்குள் உமி போட்டு மூட்டம் வைத்துச் சுடுவேன். பாதி வெடித்துவிடும், மீதியைப் பார்த்து நானே மயங்கி நிற்பேன். "விக்கத்தான செய்யுத? போடலேல்லா?" என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். சபையார் யாராவது வந்தால் ஜிமிக்கித் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அம்மா பார்க்காததுபோல் இருந்துவிடுவாள். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் நெஞ்சு குறுகுறுக்கும். மறுநாள் மண் பிசைய உட்கார்ந்தால் அந்தக் குறுகுறுப்பு போன இடம் தெரியாது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கும்.

போன வருஷம் களக்காட்டிலிருந்து ஒரு கல்யாணப் பெண் போன் செய்தாள். "அக்கா, ஜிமிக்கி முன்னால சாயுது." நான் அட்டையில் மாட்டிப் பார்த்தபோது நேராகத்தான் தொங்கியது. அட்டையும் காதும் ஒன்றா? கொக்கியை மாற்றி வேறு ஜோடி செய்தேன். சாயம் பூசிய அன்று சாயங்காலமே கூரியரில் போட்டாக வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு அம்மா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள். அவள் காதுத் துளை இன்னும் மூடவில்லை. கல்யாணத்தில் போட்ட கனத்த கம்மல் இழுத்ததில், சின்னக் கீறலாக நின்றுவிட்டது. என் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜிமிக்கியை அந்தக் காதில் மாட்டினேன்.

நேராகத் தொங்கியது. அதைவிட, அம்மா அவ்வளவு அழகி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஜோடியில் மற்றொன்று பின்கட்டில் சாயம் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துவரப் போனேன். வாசற்கதவு தட்டும் சத்தம் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் அம்மா எழுந்துபோய்த் திறந்துவிட்டாள். அவள் மூட்டுவலிக்காக ஜெபிக்க வந்திருந்த பாஸ்டரம்மாவின் கண், அம்மாவின் காதிலேயே நின்றது. அம்மா கையை உயர்த்திக் காதைத் தொட்டாள்.

"நாந்தான் போட்டேன் பாஸ்டரம்மா," என்றாள்.

மற்ற ஜிமிக்கி என் உள்ளங்கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பாஸ்டரம்மா "ஜெபம் பண்ணுவோம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மனுஷி. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஆசைப்பட்டு நகையப் போட்டுட்டேன். கர்த்தர் மன்னிக்கணும், சபையும் மன்னிக்கணும். இனி ஆத்தங்கரைக்கு வேற சகோதரி வரட்டும். பெறத்தியார் காதுல கை வைக்க எனக்குத் தகுதியில்ல." சபை முழுதும் ஸ்தோத்திரம் சொன்னது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து "மாட்டியது நான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எழவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் உடைந்து அழுதேன். "ஏம்மா எம் பழிய நீ ஏத்துக்கிட்ட? நான்லா மாட்டுனேன். நீ உறங்கிட்டுல்லா இருந்த?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "உறங்கலட்டி. உன் கை பட்டதுமே முழிச்சிட்டேன். மத்ததையும் கொண்டாந்து போடுவ, எந்திரிச்சுப் போயி கண்ணாடியில ஒரு தடவ பாப்போம்னு கண்ண மூடிக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள கதவத் தட்டிட்டாவ. அந்த அவசரத்துல காதுல கெடக்குததே மறந்துபோச்சு."

ஒன்றும் அறியாதவள்மேல் பழியைப் போட்டுவிட்டேன் என்றுதான் அதுவரை குமைந்துகொண்டிருந்தேன். அதைவிடப் பெரிதாக, அவள் என்றோ கழற்றி வைத்த ஆசையையே திரும்ப மாட்டிவிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் அம்மா என் கையைப் பிடித்தாள். "இனிமே அப்படி வந்து மாட்டாத, என்ன? நீ செய்யுதது நல்லாருக்குட்டி. வேண்டாம்னு சொல்ல என்னால முடியாது."

சரிம்மா என்றேன்.