பத்தாயிரத்து ஏழும் நாலு புளியமுத்தும்

என் மாமாவுக்கு எண்கள் மேல் பைத்தியம். அம்மாவின் தம்பி அவர். பரீட்சையில் கணக்கில் மட்டும் தேறி, மற்றதிலெல்லாம் கோட்டை விட்டவர். அப்பா தவறிய பிறகு ஏரலில் எங்கள் வீட்டோடு வந்து தங்கி, வயலையும் எங்களையும் பார்த்துக்கொண்டார். இப்படியே கிடந்தால் தம்பி வாழ்க்கை என்னாவது என்று அம்மாவுக்கு ஓயாத கவலை. யார் யாரிடமோ சொல்லி, கொழும்பில் ஒரு துணிக்கடையில் அவருக்கு வேலை பிடித்துவிட்டாள்.

புறப்படுகிற அன்று காலையில் நான் அவர் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க மாட்டேன் என்று அழுதேன். தூக்க வந்தவர்களுக்கு உதையும் உண்டு. மாமா என் சிலேட்டை எடுத்துப் பத்தாயிரத்து ஏழு என்று எழுதினார்.

“ஏட்டி, இத மிச்சமில்லாம வகுக்குத எண் ஒண்ணு கண்டுபிடி பாப்போம். ஒண்ணும், இதே எண்ணும் சேத்தியில்ல. வண்டி வாரதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டா நான் போகல.”

எனக்கு ஒன்பது வயது, நம்பிவிட்டேன். இரண்டு, மூன்று, ஐந்து எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் ஏழு நிற்கிறதே என்று ஏழால் வகுத்தேன். வருகிற மிச்சத்தையெல்லாம் புளியமுத்தாகப் பல்லாங்குழியில் போட்டு வைத்தால்தான் எனக்குக் கணக்கு ஓடும். வகுத்து முடித்தபோது குழியில் நாலு முத்து கிடந்தது. வாசலில் மாட்டுவண்டியும் வந்து நின்றது.

பல்லாங்குழி ஆட்டத்தில் ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் அது பசு. குழிக்காரி அள்ளிக்கொள்ளலாம். நானும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன்.

“மிச்சமே இல்ல மாமா. நாலும் பசு. அது எனக்குள்ளது.”

மாமா சிலேட்டைப் பார்த்தார். காலிக் குழியைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அம்மா பக்கம் திரும்பினார்.

“யக்கா, பிள்ள கணக்கு சரியாத்தான் இருக்கு. வாக்குக் குடுத்துட்டேன். நான் போகல.”

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். வழிக்குக் கட்டியிருந்த புளிச்சோற்றை மத்தியானம் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. ஜெயித்தவள் நான், இவளுக்கு என்ன அழுகை என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வளர்ந்து, பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்த பிறகு ஒருநாள் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். பத்தாயிரத்து ஏழை, ஒன்றையும் அதையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுக்க முடியாது. மாமாவுக்கா அது தெரியாது? தெரிந்துதான் எழுதியிருக்கிறார், எப்படியும் போய்விட வேண்டும் என்று. போகாதே என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. போகமாட்டேன் என்று சொல்ல மாமாவுக்கும் அதுவரை வரவில்லை.

இது எதுவும் தெரியாமல் அன்று ராத்திரி அந்த நாலு முத்தையும், யாராவது திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு தூங்கினேன்.