மாமன்னருக்கு அடுத்து பிச்சைமுத்து

குமுதாவைப் பற்றிச் சபை மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி பாஸ்டர் கேட்டார். "ஒங்களுக்குத்தான்க்கா அவங்கள நல்லாத் தெரியும். தமிழும் நல்லா எழுதுவீங்க" என்றார். தமிழ் நன்றாக எழுதுவேன், அதில் சந்தேகமில்லை. குமுதாவையும் தெரியும். ஆனால் அவள் புகழ் பாட ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா இவருக்கு? சரி, எழுதுகிறேன். இதை மலரில் போடுவதும் போடாததும் அவர் பாடு.

என் பெயர் எப்சிபா. மூன்று தலைமுறையாக நாங்கள் கிறிஸ்தவர்கள். பினாங்கில், ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் சீனி முகம்மது முதலாளியின் பணம் மாற்றும் கடையில் எனக்கு வேலை. கடைக்குத் தமிழ்ப் பத்திரிகை வரும். முதலாளி படித்துவிட்டு என்னிடம் தருவார். வெள்ளம், விலைவாசி, தேர்தல், எங்கேயோ நடக்கிற போர், எல்லாவற்றையும் வாரம் முழுக்கப் படித்து வைத்துக்கொள்வேன். ஏனென்றால் ஞாயிறு ஆராதனையில் தேச ஜெபம் ஏறெடுப்பது என் பொறுப்பு. பல வருடமாக என் பொறுப்பு.

என் ஜெபத்தில் ஒரு வரிசை உண்டு. மாமன்னரில் தொடங்கி, பிரதமர், அமைச்சரவை, மாநில ஆளுநர், முதலமைச்சர், போலீஸ், தீயணைப்புப் படை என்று படிப்படியாக இறங்கி வருவேன். பிரதமர்கள் மளமளவென்று மாறிய காலத்தில்கூட நான் ஒரு தடவையும் பழைய ஆளுக்காக ஜெபித்ததில்லை. கிறிஸ்தவர்களுக்கு நாட்டு நடப்பில் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். ஆள்கிறவர்களுக்காக ஜெபிப்பதுதான் வேலை. அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

இந்தக் குமுதாவைச் சபைக்குக் கூட்டிவந்தவளே நான்தான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சில்லு பொருத்தும் வேலை பார்ப்பவள். கூட வேலை செய்யும் நேப்பாளப் பெண் ஒருத்திக்குத் துணையாகக் கடைக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கேட்டால், அம்மா இறந்து ஒரு மாதம் ஆகவில்லை என்றாள். "ஞாயித்துக்கெழம வாம்மா, ஒனக்காக ஜெபிக்கிறோம்" என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். வந்தாள். வந்துகொண்டே இருந்தாள். ஞானஸ்நானமும் எடுத்தாள்.

அவளுக்கு ஓர் அண்ணன். பெயர் பிச்சைமுத்து, சிம்பாங் அம்பாட்டில் லாரி ஓட்டுகிறவர். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைத் தூக்கி வளர்த்தவர். ஞானஸ்நானம் எடுத்த செய்தி தெரிந்ததும், "எங்க வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். இவள் அதே ஊரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கடற்பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் தீவுக்கு வந்து ஆராதனையில் கலந்துகொள்வாள். இதுவரைக்கும் எனக்கு அவள்மேல் பாசம்தான். பொய் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. பாஸ்டர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "குமுதா, நீங்க ஜெபிங்க" என்றார். அவள் எழுந்து நின்று கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, பாலத்துல காத்து ரொம்ப அடிக்குது. மோட்டர்ல வேலைக்குப் போற பிள்ளைங்களப் பாத்துக்குங்க. முட்டை வெல ஏறிருச்சு. ஏத்துனவங்க வீட்லயும் பிள்ளைங்க முட்டை சாப்புடும், அவுங்களுக்கும் நல்ல மனசக் குடுங்க. எங்க லைன்ல ஒரு வங்காளதேசத்துத் தம்பிக்குச் சம்பளம் வரல. அவன் கக்கூசுல போயி அழுவுறத நீங்க பாத்தீங்கதானே? ஆமென்."

அவ்வளவுதான். மாமன்னர் இல்லை, பிரதமர் இல்லை, தீயணைப்புப் படை இல்லை. சர்வவல்லவரிடம் போய் முட்டை விலை! நான் கண்ணைத் திறந்து பார்த்தால் சபையில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் ஜெபத்தின்போது கொட்டாவி விடுகிற சபைச் செயலாளர் பாக்கியநாதன் சார்கூட மூக்கை உறிஞ்சினார்.

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது என் கணவர் ஜெபராஜ் ஆரம்பித்தார். "நல்லா ஜெபிச்சிச்சு லா அந்தப் பொண்ணு."

"காடியப் பாத்து ஓட்டுங்க" என்றேன், வராத குரலில்.

அதற்கப்புறம் ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவள் என்றானது. அவள் வாரத்தில் பின்வரிசை ஆட்கள் முன்னால் வந்து உட்காருவார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டினாளாம். ஒரு கிறிஸ்தவள் சொல்கிற பேச்சா இது என்று கேட்காதீர்கள், பழமொழிக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. எனக்குப் பொறாமைதான். வயிறு பற்றி எரிந்தது. அவள் கையில் பைகூட இல்லாமல் வந்து, ஒரு பத்திரிகையும் படிக்காமல் எழுந்து நின்று, நான் வாரம் முழுக்கச் சேர்த்ததை ஒரு நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டுப் போனால் எரியாதா?

தைப்பூசம் வந்தது. அன்றைக்கு விடுமுறை என்பதால் எங்கள் சபையில் உபவாச ஜெபம் வைப்பது வழக்கம். குமுதா வரவில்லை. மத்தியானம் நான் வீட்டுக்கு நடந்து போனேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலைகளை அடைத்திருந்தார்கள், கார் போகாது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள், உடைத்த தேங்காய்ச் சில்லு, உறுமிச் சத்தம். ஒரு பந்தல் ஓரத்தில் பார்த்தால் குமுதா! கையில் வாளி. காவடி தூக்கி வந்த ஓர் ஆளின் முன்னால் குனிந்து, அவர் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். காவடிக்காரர் காலைக் கழுவுவது என்றால் என்ன அர்த்தம் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. மடியில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

முடிச்சை அவிழ்க்க ஆகஸ்ட் மாதம் வரை காத்திருந்தேன். சுதந்திர தினத்துக்குப் பினாங்கிலுள்ள தமிழ்ச் சபைகள் எல்லாம் சேர்ந்து கூட்டு ஆராதனை நடத்துவதாக ஏற்பாடு. இந்தத் தடவை எங்கள் சபையில். அதில் தேச ஜெபம் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். கமிட்டி கூடிய அன்று பாஸ்டர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "தேச ஜெபத்துக்குக் குமுதாவக் கேக்கலாமே" என்றார்.

நான் முடிச்சை அவிழ்த்தேன்.

பாக்கியநாதன் சார் ஆள் அனுப்பிக் குமுதாவைக் கூப்பிட்டார். சமையலறையில் கறிபாப் பலகாரம் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தவள், மாவுக் கையோடு வந்து நின்றாள். அவர் கேட்டார்.

"ஆமா சார், ஊத்துனேன்" என்றாள். "அது எங்கண்ணன். ஞானஸ்நானம் எடுத்ததுலேருந்து எங்கிட்டப் பேச மாட்டாரு. வீட்டுக்குப் போனா கதவச் சாத்திருவாரு. வெரதத்துல இருக்கறதால காவடி எடுக்கற அன்னிக்கி மட்டும் யாரையும் கோவிக்க மாட்டாரு. அன்னிக்கித்தான் நான் அவரு கிட்டப் போவ முடியும். தாரு ரோடு கொதிக்குது சார், காலு பொத்துப் போயிரும். நான் சாமி கும்புடல. எங்கண்ணன் காலுக்கு ஊத்துனேன்."

பாஸ்டர் காலியான தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய வியாழன் வந்தால் முட்டி போட்டு எங்கள் காலைக் கழுவுகிறவர் அவர், என்ன பேசுவார்? பாக்கியநாதன் சார்தான் தொண்டையைக் கனைத்தார்.

"நீ சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா வெளிச்சபைக்காரங்க வர்றாங்க, யாராச்சும் பாத்திருந்தா நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசுவாங்க. அடுத்த வருசம் போவ மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. நீயே ஜெபி."

"வருசத்துக்கு ஒரு நாளுதான் சார் எனக்கு" என்றாள் குமுதா. பிறகு என்னைப் பார்த்தாள். "அக்காவே ஜெபிக்கட்டும். அக்கா நல்லா ஜெபிப்பாங்க."

ஜெயித்தது நான். ஆனால் அந்த அறையில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. விட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவளைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். தோற்பதைக்கூட என்னைவிட நன்றாகச் செய்கிறாளே, பாவி!

வெளியே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் எனக்காக நின்றிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அக்கா, பெரிய ஜெபம்ல? அதுல எங்கண்ணன் பேரையும் ஒரு தடவ சொல்லிருங்கக்கா. பிச்சைமுத்துன்னு."

மாமன்னரையும் பிரதமரையும் சொல்கிற வாயால் லாரி ஓட்டுகிற பிச்சைமுத்துவையா? "பாப்போம்" என்றேன். சொல்வதாக எனக்கு எண்ணமே இல்லை.

அன்றைக்கு ஆலயம் நிரம்பி, வெளியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஃபேஸ்புக்கில் நேரலை வேறு. புதுப்புடவை சரசரக்க மேலே ஏறினேன். "மாமன்னரையும் அவருடைய குடும்பத்தையும் உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று தொடங்கினேன். கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். முதல் வரிசையில் ஒருவர் நிகழ்ச்சித் தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் கைப்பேசியில் விரலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். குமுதா ஜெபித்தால் யாராவது விசிறுவார்களா?

ஆத்திரம் பொங்கியது. அவளால் அழவைக்க முடிந்தால் என்னாலும் முடியும். அந்த எண்ணத்தில்தான் சொன்னேன், வேறு எந்த நல்லெண்ணமும் கிடையாது. பிரதமரிடம் போக வேண்டிய நாக்கு சிம்பாங் அம்பாட்டுக்குத் திரும்பியது.

"ஆண்டவரே, சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் உம்முடைய பிள்ளை பிச்சைமுத்துவை நினைத்தருளும். வெயிலில் நடக்கும் அவருடைய பாதங்களைக் காத்தருளும். அவருடைய வீட்டுக் கதவைத் திறந்தருளும்."

ஒருவரும் அழவில்லை. விசிறிக்கொண்டிருந்தவர் விசிறுவதை நிறுத்திவிட்டு, யாரது என்பதுபோல் பக்கத்து ஆளைப் பார்த்தார். ஜெபம் முடிவதற்கு முன்பே, கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு ஆமென் வந்தது. உடைந்த குரல், சத்தமான ஆமென். எத்தனையோ வருடமாக ஜெபிக்கிறேன், என் ஜெபத்துக்கு ஒருவரும் அப்படி ஆமென் சொன்னதில்லை. நான் தடுமாறிப் பிரதமரைப் பிடித்து, எப்படியோ தீயணைப்புப் படை வரை வந்து சேர்ந்தேன்.

விருந்தில் பட்டர்வொர்த் சபைக்காரர் ஒருவர் தட்டோடு என்னிடம் வந்தார். "சிஸ்டர், பிச்சைமுத்துங்கறது புதுத் துணையமைச்சரா? நான் பேப்பர்ல பாக்கலியே" என்றார். ஜெபராஜுக்குச் சிரிப்பு வந்து சோறு புரையேறியது. எனக்கு மானம் போனது.

ஆனால் அந்த நேரலையைப் பிச்சைமுத்துவோடு லாரி ஓட்டுகிற ஒருவர் பார்த்திருக்கிறார். பார்த்தவர் சும்மா இருப்பாரா, போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே பிச்சைமுத்து தங்கைக்கு போன் செய்தார். ஞானஸ்நானத்துக்கு அப்புறம் அவர் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஏண்டி, ஒங்க கோயில்ல மாமன்னருக்கு அடுத்து எம்பேரச் சொன்னாங்களாமே? பிரதமருக்கு முன்னாடியா?" என்று கேட்டுச் சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு, "தீவாளிக்கு வீட்டுக்கு வந்துரு" என்றாராம்.

இதைக் குமுதா சபையில் சாட்சியாகச் சொன்னாள். என் பெயரையும் சொல்லத்தான் செய்தாள். யார் காதில் விழுந்தது? "குமுதாவோட ஜெபத்தக் கர்த்தர் கேட்டாரு" என்று ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். குமுதாவோட ஜெபமா! ஜெபித்தது யார்? வாய் யாருடையது? துணையமைச்சரா என்று கேட்டு அவமானப்பட்டது யார்? அதற்கு மேல்தான் பாஸ்டர் என்னிடம் வந்து, இந்தச் சாட்சியை மலருக்கு எழுதித் தரச் சொன்னார். என்னைவிட்டால் அவருக்கு ஆள் கிடைக்காது.

தீபாவளிக்கு மறுநாள் குமுதா கடைக்கு வந்தாள். சிவப்பு மூடி போட்ட பாட்டில் நிறைய முறுக்கு. "அண்ணி குடுத்து விட்டாங்கக்கா, ஒங்களுக்குத்தான்" என்று கல்லாமேல் வைத்தாள்.

படைத்த பலகாரத்தை நாங்கள் தொடுவதில்லை. அதுவும் என் கொள்கைதான். "படைச்சதா?" என்று கேட்டேன். மறுக்க ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷம் என் குரலில் இருந்திருக்க வேண்டும்.

"இல்லக்கா. சாமிக்கி எடுத்து வைக்கறதுக்கு முன்னாடியே அண்ணன் ஒங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டாரு. அந்தக்கா சாப்புடுவாங்களோ மாட்டாங்களோன்னாரு."

நான் மூடியைத் திருகித் திறந்தேன். ஒன்றை எடுத்துக் கடித்தேன். நான் சுடுகிற முறுக்கைவிட நன்றாக இருந்தது. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.