சேறு படாத ஜீப்

ஜீப்புக்குள் சேறு வரக்கூடாது என்று நான் போட்டு வைத்திருந்த சட்டத்துக்கு விலையாக, பக்கத்து வயல்காரரின் மனைவி தன் இடது காலில் இரண்டு விரல்களைக் கொடுத்தார். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் விஷயம் இதுதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வளைகுடாவில் பதினொரு வருடம் ஒரே வீட்டில் டிரைவராக இருந்தேன். மணல்மேட்டில் ஏறி இறங்குகிற பெரிய வண்டிகள் மூன்று அங்கே நின்றன. முதலாளி ஏறுவதற்கு முன் டேஷ்போர்டில் விரலால் ஒரு இழுப்பு இழுத்து, அந்த விரலை என் முகத்துக்கு நேரே காட்டுவார். திட்ட மாட்டார். காட்டுவார், அவ்வளவுதான். அந்த விரலுக்குப் பயந்தே துடைக்கக் கற்றுக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பி, கீரமங்கலம் பக்கம் எங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தபோது, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். தோப்புக்கும் வயலுக்கும் கண்மாய்க்கரை மேல்தான் பாதை. மழை பிடித்துவிட்டால் அந்தச் சகதியில் வேறு எந்த வண்டியும் நகராது. சொந்த வண்டி வந்ததும் முதலாளியும் நானே, டிரைவரும் நானே என்று ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்துச் செம்மண் லேசுப்பட்டதில்லை. காய்ந்தால் தூளாகி டேஷ்போர்டு இடுக்கில் போய் உட்காரும். நனைந்தால் சக்கரத்துக்கு மேலே அப்பிக்கொண்டு, ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டே தகட்டைத் தின்னும். காய்ந்த சேற்றைச் சுரண்டக்கூடாது. ஊறவைத்துத்தான் இறக்க வேண்டும். போர்வெல் மோட்டாரில் ஓஸ் குழாயைச் செருகி முதலில் அடிப்பாகத்தைக் கழுவுவேன். மேலே தண்ணீர் போவதற்குள் கீழே சுத்தமாகிவிட வேண்டும். உள்ளே தண்ணீரே கூடாது. ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி, இடுக்குக்குப் பெயின்ட் பிரஷ். ரப்பர் விரிப்பை வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, அடித்தகடு கையில் ஒட்டாமல் காய்ந்த பிறகே திரும்பப் போடுவேன். தன்னைக் கட்டியதற்குப் பதிலாக அந்த வண்டியைக் கட்டியிருக்கலாம் என்று என் மனைவி சொல்வாள்.

துடைத்ததில் தப்பே இல்லை. தப்பு என் முகத்தில் இருந்தது. யாராவது சேற்றுக்காலோடு ஏறினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவருடைய காலைப் பார்ப்பேன், பிறகு விரிப்பைப் பார்ப்பேன். ஒருமுறை ஏறியவர் மறுமுறை ஏற மாட்டார். அந்த ஜீப்பில் குளித்துவிட்டுத்தான் ஏறணும், அது கோயிலாக்கும் என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு.

அன்றைக்கு ஆயுத பூசை. விடிந்ததிலிருந்து வண்டியோடுதான் கிடந்தேன். கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுச் சூடம் காட்டி முடிக்க உச்சிப்பொழுதாகிவிட்டது. எங்கள் ஊரில் பூசையில் வைத்த அரிவாளையோ மண்வெட்டியையோ மறுநாள் காலையில் கும்பிட்டு எடுக்கிற வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். வண்டிக்கும் அதே கணக்குதான்.

அப்போதுதான் பக்கத்து வயல்காரர் ஓடி வந்தார். அவரும் அவர் மனைவியும் அன்றைக்கும் வயலில் இருந்தார்கள். கையால் பறிக்கிற களைக்கு ஆயுதம் எதற்கு? முழங்கால் வரை சேறு வழிய வாசலுக்குள் வந்தவரிடம், “அங்கிட்டே நில்லுப்பா, இப்பத்தான் கழுவி விட்டிருக்கேன்” என்றேன்.

நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பைப் பார்த்தார். அதன் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு, “தம்பியோட பைக் இருக்காண்ணே?” என்று கேட்டார். என் மகனின் பைக்கைத்தான் கேட்டார். அவன் அதை எடுத்துக்கொண்டு கறம்பக்குடிக்குப் போயிருக்கிறான் என்றேன். “சரிண்ணே” என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கதவுக் கைப்பிடியில் ஒரு தண்ணீர்க் கறை இருந்தது, அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில்தான் எனக்கு விஷயம் வந்தது. அந்த அம்மாவைக் கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. எங்கோ ஒரு மொபெட்டைப் பிடித்து, அவரை நடுவில் உட்கார வைத்துக் கிளம்பியிருக்கிறார்கள். கண்மாய்க்கரைச் சகதியில் மொபெட் புதைந்துபோக, தார்ரோடு வரைக்கும் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்காகத்தான் நான் அந்த ஜீப்பையே வாங்கியிருந்தேன்.

மறுநாள் வரை காத்திருக்கவில்லை. மாலையும் குங்குமமுமாக அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன். உயிருக்குப் பயமில்லை, ஆனால் கால் எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த கணவரின் கால்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பூசை போட்ட வண்டிண்ணே” என்றார். “சேத்துக்காலு வேற. போற வழியில ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிப்போச்சுன்னா, ஒங்க வண்டியிலயா ஆகணும்? கேக்க மனசு வரல. தப்பு எங்க மேலதாண்ணே.”

சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சுமக்க வேண்டியதை அவர் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

இரண்டு விரல்களும் கறுத்துப்போய் எடுக்கப்பட்டன. புண் ஆறவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். ஜீப்பில் கூட்டிப்போகிறேன் என்றேன். புருஷனும் பெண்டாட்டியும் வேண்டாம் என்றார்கள். என் மனைவி போய்ப் பேசிய பிறகு சம்மதித்தார்கள். பூசைக்குப் பிறகு நான் வண்டியைக் கழுவவே இல்லை. ரப்பர் விரிப்பு முழுக்கச் சேறு. சேற்றைப் பார்த்தால் அந்த அம்மா கூச்சப்படாமல் ஏறுவார் என்று நினைத்து, அதை அப்படியே விட்டு வைத்திருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

முதல் நாள், கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தார். கையில் மடித்த உரச்சாக்கு ஒன்று இருந்தது. அதைச் சீட்டில் விரித்தார். எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்ண்ணே, ரெத்தத்தண்ணி கசியுது” என்றார். உட்கார்ந்த பிறகும் அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை. கட்டுப்போட்ட பாதத்தை இரண்டு கைகளாலும் ஏந்தித் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார், காலை இறக்கவில்லை.

“கால கீழ வையிம்மா” என்று மூன்று தடவை சொன்னேன்.

“வலிக்கலண்ணே” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் சாக்கை மடித்து எடுத்துக் கணவரிடம் கொடுத்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி உள்ளே குனிந்து, அவருடைய பாதம் படவே படாத அந்த விரிப்பை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார். அதில் இருந்தது என் சேறு.