விசாரிக்க வந்தவர் குடித்த காபி

என் மகள் கான்ஸ்டபிள் தேர்வில் தேறினாள். ஓட்டம், எழுத்து, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. பாக்கி ஒன்றுதான். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் மைசூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, நல்ல குடும்பம் என்று எழுதித் தர வேண்டும்.

அந்த நல்ல குடும்பத்தில் ஒரு கோளாறு இருந்தது. நான்.

மூன்று மாதம் முன்பு ஒரு சப் இன்ஸ்பெக்டர் அடித்த அடியில் ஆட்டோக்காரர் ஒருவருக்குக் காது போனது. அந்த அதிகாரி சொந்த ஊரிலேயே அடிதடிக்குப் பேர்போனவராம், யாரும் விசாரிக்காமல் வேலைக்கு எடுத்துவிட்டார்களாம். ஸ்டேஷன் முன்னால் கூட்டம் கூடியது. ‘விசாரிக்காமல் காக்கி கொடுக்காதே’ என்று கன்னடத்தில் எழுதிய அட்டையோடு நான் முன்வரிசையில் நின்றேன். எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். உள்ளே எதுவும் அசையவில்லை. ரேஷன் வரிசையில் நிற்பது போலத்தான் இருந்தது. மறுநாள் பேப்பரில் என் தொப்பை தெளிவாக வந்திருந்தது. முகமும்.

விசாரணைக்கு வருகிறார்கள் என்றதும் அட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அப்படியே பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரிடம் ஓடினேன்.

“சார், யாராச்சும் கேட்டா நான் போராட்டத்துக்குப் போனதைச் சொல்லிடாதீங்க.”

“நீங்க போனதே எனக்குத் தெரியாதே, மாராயா!” என்றார், கன்னடத்து ‘ஐயா’வைச் சேர்த்து.

இப்போது தெரிந்துவிட்டது. இதே புத்திசாலித்தனத்தோடு இன்னும் மூன்று வீடு ஏறி இறங்கினேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க நான் போராளி.

மறுநாள் காலை ஏட்டு வந்தார். மீசையைப் பார்த்ததுமே நாற்காலியை இரண்டு தரம் துடைத்துப் போட்டேன். உள்ளே மட்டும் மரக்கட்டை. ஃபாரத்தை விரித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“உங்களை எங்கியோ பாத்திருக்கனே.”

“எனக்குப் பொதுவான மூஞ்சிங்க சார்.”

“சொந்த ஊரு?”

“ராமாபுரமுங்க.”

“அட! நான் பக்கத்துல ஹனூருங்க. இதை மொதல்லயே சொல்றதில்லீங்களா?”

அவ்வளவுதான். காபி வந்தது. எங்கள் பக்கத்து மழை, சோளம், பஸ் வராத கதை எல்லாம் பேசினார். பேசிக்கொண்டே ‘நன்னடத்தை, புகார் ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“பக்கத்து வீட்டுல கேக்கணுமே சார்?” என்றாள் மகள். நான் அவசரமாக அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

“நம்மூர்ப் புள்ளைய நான் எதுக்குக் கண்ணு விசாரிக்கோணும்?” என்று சொல்லிக் கிளம்பினார்.

கிழித்துப் போடலாம் என்று அட்டையை வெளியே இழுத்தேன். மகள் அதை வாங்கி ஒருதரம் படித்தாள்.

“யாரையுமே கேக்கலியேப்பா.”

“கேட்டிருந்தா உன் வேலை போயிருக்கும் கண்ணு.”

“அந்த சப் இன்ஸ்பெக்டர் வீட்லயும் இப்படித்தான் காபி குடிச்சிருப்பாங்க, இல்ல?”

எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. அவள் அட்டையைச் சுவரோரம் எழுத்து தெரிகிற பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் ஏட்டு குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.