விறகை இடம் மாற்றிய பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஜூன் மாதத்தில் நடந்தது இது. ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பாதையில், வேலை நின்றுபோன ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையைச் சின்ன நூதனசாலையாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே நான் கண்காணிப்பாளர். பெயர்தான் பெரிது. டிக்கெட் கிழிப்பது, கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது, வருகிறவர்கள் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை.

எங்கள் பொறுப்பதிகாரி கண்டிப் பக்கத்துச் சிங்களவர். இளம் வயது, சித்திரம் படித்தவர். நாங்கள் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவோம். விசேட கல்வி வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, பொருட்களைக் காட்டி, படம் வரைய வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. மேலிடத்தில் பல தடவை கேட்டு, கடைசியில் ஒரே ஒரு நாளைக்கு அனுமதி வாங்கினார். நல்லபடியாக நடந்தால் மாதம் ஒரு தடவை நடத்தலாம். ஏதாவது சேதமானால் அதோடு சரி.

“அக்கா, ஒரு சாமானும் உடையக் கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்” என்று அவர் சொன்னதிலிருந்தே எனக்குப் படபடப்பு. உள்ளதைச் சொன்னால், இந்தப் பிள்ளைகளைக் கூட்டி வந்து என்ன செய்யப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பக்கத்துத் தோட்டப் பாடசாலையிலிருந்து ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். கூடவே அவர்களுடைய டீச்சரும் மூன்று அம்மாமாரும். ஒரு பையன் உள்ளே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இன்னொருவன் தராசைப் பார்த்துவிட்டு அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. பதினொரு வயது இருக்கும் ஒரு பிள்ளை, அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்தபடி, யாருடைய முகத்தையும் பார்க்காமல் நின்றாள். அவள் அதிகம் பேச மாட்டாள் என்று டீச்சர் சொன்னார்.

ஆளுக்கொரு அட்டையும் தாளும் கலர் பெட்டியும் கொடுத்து, “பிடிச்ச ஒரு சாமானைப் பாத்து வரைங்க” என்றார் சேர். நான் ஒரு கண் கண்ணாடிப் பெட்டிகளிலும் ஒரு கண் பிள்ளைகளிலுமாக நின்றேன்.

மண்டபத்தின் ஒரு மூலையில், தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றை அப்படியே கட்டி வைத்திருக்கிறோம். ஒரே அறை. உள்ளே அடுப்பு, பாய், கம்பளி, தண்ணீர்ப் பானை, வாசலோரம் அடுக்கிய விறகு. யாரும் போகாதபடி முன்னால் ஒரு கயிறு. ‘அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த லயத்து அறை’ என்று மூன்று மொழியிலும் பலகை உண்டு. நான் வட்டகொடைப் பக்கம் இப்படி ஓர் அறையில்தான் பிறந்து வளர்ந்தேன். கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு அதை யாரிடமும் சொன்னதில்லை. என்னவோ ஒரு கூச்சம். பார்க்க வருகிறவர்களுக்கு அந்த அறையை விளக்கும்போதும், யாரோ எப்போதோ வாழ்ந்த இடத்தைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்வேன்.

நான் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பிள்ளை கயிற்றைத் தாண்டி உள்ளே நின்றாள். நாலைந்து விறகு இடம் மாறியிருந்தது. பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏய்! வை கீழ! வெளிய வா!”

அந்தத் தகரக் கூரைக்குக் கீழே என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். பானை விழுந்து சிதறியது. அவள் அங்கேயே குந்தி, வீரிட்டுக் கத்த ஆரம்பித்தாள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். படம் வரைந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள்.

டீச்சர் ஓடி வந்து, “யாரும் கிட்டப் போகாதீங்க. லைட்ட நிப்பாட்டுங்க, கொஞ்ச நேரம் விடுங்க” என்றார். லைட்டை அணைத்தேன்.

அந்தப் பிள்ளையின் அம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கீழே உட்கார்ந்து ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கியபடி, “மன்னிச்சிருங்கக்கா. வீட்டுலயும் இப்படித்தான், ஒரு சாமான் எடம் மாறி இருந்தா விடமாட்டா. இனிமே எங்கயும் கூட்டிட்டு வரலைங்க” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சேர் வந்து உடைந்த பானையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. அந்த நேரம் நான் பேசாமல் இருந்திருந்தால் பழி அந்தப் பிள்ளைமேல்தான் போயிருக்கும். “சேர், பிள்ளை போட்டு ஒடைக்கல. நான் கத்துனதுலதான் விழுந்துச்சு. மேலிடத்துக்கு அப்படியே எழுதுங்க” என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

அவர் குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். “அது ஹட்டன் டவுன்ல வாங்கின பானைதானே அக்கா. பழசு ஒண்ணும் இல்ல” என்று மட்டும் சொன்னார்.

கால் மணி நேரம் போயிருக்கும். கத்தல் விம்மலாகி, விம்மலும் நின்றது. பிள்ளை எழுந்தாள். வெளியே வருவாள் என்று பார்த்தால், நேராக விறகிடம் போனாள். நான் ஓரடி எடுத்து வைத்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து, “என்ன செய்றாள்னு பாப்போம்க்கா” என்றார்.

அவள் விறகை ஒவ்வொன்றாக எடுத்துப் போய், அடுப்புக்கு மேலே வெறுமையாகக் கிடந்த பரணில் அடுக்கினாள். எட்டாததற்குக் குதிகாலைத் தூக்கினாள். எல்லாம் முடிந்ததும் வாசல் பக்கம் கையைக் காட்டி ஒரே ஒரு சொல் சொன்னாள்.

“நனையும்.”

வாசலோரம் விறகு வைத்தால் சாரலில் நனையும். எங்கள் மலையில் அடுப்புக்கு மேலே போட்டுக் காய வைக்காமல் எந்த விறகும் எரியாது. சின்ன வயதில் நானே தினமும் செய்த வேலை அது. யாரோ வெளியாட்கள் வந்து அழகுக்கு அடுக்கிவிட்டுப் போன அறையை நாலு வருடம் துடைத்தேன், விளக்கம் சொன்னேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

அவள் நிறுத்தவில்லை. சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயை அடுப்புப் பக்கம் கொண்டுவந்து விரித்தாள், அங்கேதான் சூடு இருக்கும். தரையில் கிடந்த கம்பளியை உதறிக் கொடியில் போட்டாள்.

அவளுடைய அம்மா பலகையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். டீச்சர் வாசித்துக் காட்டினார். “அந்தக் காலமா? எங்க வீடு இன்னைக்கும் இப்படித்தானேங்க இருக்கு” என்றார் அம்மா.

“நானும் இப்படி ஒரு லயத்துக் காம்பராவுலதான் பொறந்தேன்” என்றேன். அந்த இடத்தில் வைத்து நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “அப்பறம் எப்படிக்கா வெறகு வாசல்ல கெடக்குறது ஒங்க கண்ணுல படாமப் போச்சு?”

குத்திக் காட்டிக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

சேர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஒன்பது பிள்ளைகளும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து, அடுப்பைத் தொட்டு, கம்பளியை முகர்ந்து பார்த்து வரைந்தார்கள். அந்தப் பிள்ளையும் வரைந்தாள். விறகு ஒவ்வொன்றையும் எண்ணி வைத்ததுபோல் வரைந்திருந்தாள். ஓரத்தில் நீலச் சேலை கட்டிய ஒரு பொம்பளை. அவளுடைய வாய் மட்டும் அடுப்பைவிடப் பெரிதாக இருந்தது. அன்று நீலச் சேலை கட்டியிருந்தது நான் ஒருத்திதான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி டிக்கெட் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

சேர் உடைந்த பானையை மறைக்காமல் எழுதினார், நடந்ததையும் முழுதாக எழுதினார். இரண்டு மாதம் கழித்து அனுமதி வந்தது. இப்போது மாதம் ஒரு தடவை பிள்ளைகள் வருகிறார்கள், அன்றைக்கு லயத்து அறைக்குக் கயிறு கிடையாது. பலகையிலிருந்து ‘அந்தக் காலத்தில்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டோம். இனி எங்கும் கூட்டி வர மாட்டேன் என்று சொன்ன அம்மா, ஒரு மாதமும் தவறாமல் மகளைக் கூட்டி வருகிறார்.

இன்றைக்கும் ஒரு பிள்ளை எதையாவது எடுத்தால் எனக்கு முதலில் வருவது அதட்டல்தான். ஆனால், எடுத்த பிள்ளை அங்கே எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள நான்தான் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும் என்பதை, ஒரே ஒரு சொல் பேசிய அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.