நாலு மில்லிமீட்டர் திருகு

தோழிகளே, நம் வகுப்பு மைக்ராஸ்கோப்பில் மூன்று மில்லிமீட்டர் திருகு நிற்கும் துளை தேய்ந்துபோயிருந்தது. சரிசெய்யாவிட்டால் நாளை வெங்காயத் தோல் பார்க்க முடியாமல் போயிருக்கும். அதனால் ஒரு அளவு பெரிய திருகு போட, இன்று நூர்ஜஹானும் நானும் அதை இலுப்பூர் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

"நாலு மில்லிமீட்டர் திருகுக்கு ஓட்டையும் நாலுதானே?" என்றாள் அவள்.

"இல்லடி, திருகு பிடிக்கிற சுற்றுக்கோட்டை, அதான் மரையை, வெட்ட உலோகம் மிஞ்சணும்ல? மூணு புள்ளி மூணு" என்றேன். புத்தகத்தில் படித்ததுதான்.

பட்டறைக்காரர் அப்படியே துளையிட்டு மரை வெட்டினார். திருகு அழகாக ஏறியது.

இனி ஆடவே கூடாதென்று முழு பலத்தோடு இறுக்கினேன். துளைக்குள் இருந்த பித்தளை மரை பிய்ந்து, திருகு பிடிக்காமல் சும்மா சுற்றியது.

"ஓட்டைக்குக் கணக்கு வச்சிருக்கீங்க. இறுக்குறதுக்கு?" என்றார் அவர்.

ஐந்து மில்லிமீட்டர் திருகுக்காக மறுபடி துளையிட்டோம். இம்முறை நூர்ஜஹான் இரண்டே விரலால் இறுக்கி, திருகு நின்றதும் கையை எடுத்துவிட்டாள். அது ஆடவில்லை.

எங்கே நிறுத்துவது என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? தெரிந்தவர்கள் இந்தத் தாளின் கீழே எழுதுங்கள். நூர்ஜஹான் சொல்ல மாட்டேன் என்கிறாள்.